பெரிய ஆஸ்பத்திரி ஊரில் சின்ன வைத்தியம் எங்கே? வேலூர் நகரக் குடியிருப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஸ்பா, ராமநாயக்கன்பாளையம், சின்னஅல்லாபுரம், கொணவட்டம் போன்ற நெருக்கமான பகுதிகளில் பீடி சுற்றுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் நகரங்களில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தியாவே வைத்தியத்துக்கு வேலூர் வருகிறது. இங்கேயே இருப்பவர்களுக்கு அப்படி என்ன குறை?

காட்பாடி ஸ்டேஷனில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் கையில் ஃபைலோடு இறங்குவதைப் பார்க்கலாம். சி.எம்.சி. என்ற கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைகளில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்குகிறது. 1900-இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் சின்ன அளவில் தொடங்கிய வைத்தியம் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதில் நமக்குப் பெருமைதான்.

ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறவர், பெரிய நோய் என்று தெரிந்து, கடனோ நகையோ புரட்டிக்கொண்டு வருகிறார். நம் வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்கு வேண்டியது அது அல்ல. மாதாமாதம் பி.பி. பார்த்து மாத்திரை தர ஓர் இடம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரை மணியில் போய்வர ஓர் இடம், அவ்வளவுதான். அது கிடைக்காததால் பத்து வருஷம் பி.பி. கவனிக்காமல் கிடந்து, கடைசியில் பக்கவாதம் வந்த பிறகே அந்தப் பெரிய கட்டடத்துக்குள் நுழைகிறார். தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை. போய்வரும் நேரம், அன்றைக்குப் போகும் கூலி, உள்ளே போனால் எப்படிப் பேசுவார்களோ என்ற தயக்கம், எல்லாம் சேர்ந்ததுதான் தூரம்.

கிராமத்தில் நர்சம்மா வீட்டுக்கே வருகிறார். டவுனில் ஏன் அப்படி இல்லை?

நியாயமான கேள்வி. சுதந்திரத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்ற ஏற்பாடே கிராமத்தை மனதில் வைத்து வந்தது. 30,000 பேருக்கு ஒரு நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர் என்று கணக்கு. நகரத்தில்தான் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். நகராட்சி நடத்திய சின்ன டிஸ்பென்சரிகளும் மகப்பேறு விடுதிகளும்தான் மிச்சம்.

வேலூரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஊருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் அரசு நர்சும் வருவார், சி.எம்.சி.யின் சமுதாய நலத்துறை ஆட்களும் வருவார்கள். கே.வி.குப்பம் பக்கம் 1977 முதல் சி.எம்.சி.யின் கிராம சுகாதாரப் பிரிவான ரூசா வேலை செய்கிறது. இரண்டுக்கும் நடுவே கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருப்பவரின் வீட்டுக்கதவை யாரும் தட்டவில்லை. நகரத்து ஏழைகளுக்கென்று தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் வந்தது 2013-இல்தான். 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது அதன் அளவுகோல். கிராமத்து அளவுகோலோடு வைத்துப் பாருங்கள். ஒரே நர்ஸ் இரண்டு மடங்கு வீடுகள் ஏறி இறங்க வேண்டும், அதுவும் வாடகைக்கு வந்து வந்து மாறிக்கொண்டே இருக்கும் வீடுகள். அவரைக் குறை சொல்லும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

சரி, இப்போது என்னென்ன இருக்கிறது? எதற்கு எங்கே போவது?

சளி, காய்ச்சல், சுகர், பி.பி., தடுப்பூசி, கர்ப்பப் பரிசோதனை, புண்ணுக்குக் கட்டு: இவற்றுக்கு முதலில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது நகர்ப்புற நலவாழ்வு மையம். நலவாழ்வு மையம் என்பது அதைவிடச் சிறியது. தமிழ்நாடு முழுக்க 708 மையங்கள் என்று திட்டமிட்டு, முதலில் 500 மையங்களை 2023 ஜூன் 6-ஆம் தேதி திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் இருக்க வேண்டும். நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை.

ஊருக்குள் பென்ட்லேண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. 2025-இல் புதிய பன்னோக்கு மருத்துவமனைக் கட்டடம் அங்கே திறக்கப்பட்டது. பெரிய சிகிச்சை, விபத்து, ஆபரேஷன் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

நகரத்து ஏழைகளுக்காகவே 1982-இல் சி.எம்.சி. தொடங்கிய குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. எல்.சி.இ.சி.யு. என்பார்கள். சி.எம்.சி. மெயின் ஆஸ்பத்திரி வாசலில் போய் மலைத்து நிற்பதற்கு முன் இந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

ரேஷன் கார்டு வேறு ஊரில் இருக்கிறது. ஆதாரில் பழைய முகவரி. பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். அரசு மையத்தில் ஓ.பி. சீட்டு வாங்க ரேஷன் கார்டு தேவையில்லை. பெயர், வயது, தெரு, போன் நம்பர் சொன்னால் போதும். வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கும் இதே விதிதான். கார்டு கேட்பது காப்பீடு, மகப்பேறு நிதி போன்ற பணம் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுகிறதே?

எல்லாவற்றிலும் இதுதான் பெரிய கேள்வி என்பது என் கருத்து. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி கணக்கு முடித்தால்தான் அன்றைக்குக் கூலி. காலை வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரம்தான் கை வேகமாக ஓடும் நேரம். அந்த நேரத்தில்தான் ஓ.பி.யும். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்கு மறுநாள் வா என்றால் இரண்டு நாள் கணக்கு குறைகிறது. "வலி தாங்கலாம், கணக்கு குறைஞ்சா தாங்க முடியாது" என்று சொல்கிறவர்களை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். அவர்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

அதனால் மாலை நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நலவாழ்வு மையத்தின் 4 மணி முதல் 8 மணி வரையான நேரம் கூலி வேலைக்காரர்களுக்கென்றே வந்த மாதிரி. கட்டடம் எவ்வளவு புதிது என்பதைவிட இந்த நாலு மணி நேரம் கதவு திறந்திருக்கிறதா, உள்ளே டாக்டர் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். மாலையில் பூட்டிக் கிடந்தால், உங்கள் வார்டு கவுன்சிலரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். புதுக் கட்டடம் வேண்டும் என்று மனு கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று முன்னாடியே கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து போய் வாருங்கள்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மத்திய தொழிலாளர் நல அமைப்பின் மருந்தகங்களும் உண்டு. தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனியில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஒருமுறைகூடப் போகாதவர்கள் நிறைய பேர்.

தெருமுனை டாக்டர் ஒரு ஊசி போட்டால் அன்றே சரியாகிறது. அரசு மையத்தில் மாத்திரை மட்டும்தானே?

ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நினைப்பு நம் ஊரில் ஆழமாக ஊறியது. டாக்டருக்கும் அது தெரியும், அதனால் அவரும் போட்டுவிடுகிறார். சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானே இறங்கும். மூன்றாம் நாள் ஊசி போட்டுக்கொண்டால் பெயர் ஊசிக்குப் போகிறது. உடம்பு வலி சட்டென்று விட்டதென்றால் வலி நிவாரணி ஊசியாக இருக்கலாம், சில இடங்களில் ஸ்டீராய்டு. சுகர் இருப்பவருக்கு ஸ்டீராய்டு ஏறினால் சுகர் எகிறும்.

டெங்கு காலத்தில் இது விளையாட்டல்ல. குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளில் டெங்குக் கொசு வளர்வது சகஜம். காய்ச்சல் நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால், நிறைய தண்ணீர், ஓய்வு, அவ்வளவுதான். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது என்று எது வந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டதே என்று இருந்துவிடக்கூடாது, ஆபத்து வருவதே அந்த நேரத்தில்தான்.

தனியார் டாக்டரிடம் போவது தப்பே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்திருப்பவர் அவர்தான். போனால் இரண்டு விஷயம் கேளுங்கள்: "என்ன ஊசி, எழுதித் தாங்க." "டாக்டர், உங்க படிப்பு என்ன?" எழுதித் தர மறுப்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சலுக்கு என்று கேட்டு, பேர் தெரியாத நாலு கலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வாங்குவதற்கும் இதே பதில்தான்.

சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருமாமே?

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய திட்டம். ஏற்கனவே மையத்தில் பார்த்துப் பதிவானவர்களுக்கு, போய் வர முடியாத முதியவர்களுக்கு, பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்து அளந்து பார்த்து மாத்திரை தருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு பிசியோதெரபியும் உண்டு.

நடைமுறைச் சிக்கல் ஒன்று: அவர் வரும் பகல் நேரத்தில் வேலைக்குப் போகிறவர் வீடு பூட்டியிருக்கும். இரண்டு முறை பூட்டிய வீட்டைப் பார்த்தால் மூன்றாம் முறை வருவது சந்தேகம். அவர் போன் நம்பரை வாங்கி வையுங்கள். நம்பிக்கையான ஒரு பக்கத்து வீட்டில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வீடு மாறினால், சிலிண்டர்காரரிடம் சொல்வதற்கு முன் இவரிடம் சொல்லுங்கள்.

சுகர் அளவு சரியாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு. மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது.

இன்சுலின் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.

வேலூர் வெயிலில் தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் இன்சுலினை அலமாரியில் வைத்தால் வீணாகிவிடும். பெரிய மண்பானையில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி ஈரமாக்கி, அதற்குள் சின்ன மண்சட்டியை இறக்குங்கள். இன்சுலின் பாட்டிலைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டிக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான மூலையில் பானை இருக்கட்டும். மணல் காயக்கூடாது, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். திறந்த பாட்டிலை நாலு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஐஸ் கட்டியோடு சேர்த்து வைக்கவே கூடாது, உறைந்தால் மருந்து போச்சு. திறக்காத பாட்டில்களை மையத்து ஃப்ரிட்ஜிலோ தெரிந்த வீட்டு ஃப்ரிட்ஜிலோ வைத்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். வழக்கமாகத் தெளிவாக இருக்கும் மருந்து கலங்கித் தெரிந்தால் போட வேண்டாம்.

குழந்தைக்கு வயிற்றால் போகிறது. உடனே என்ன செய்வது?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவில் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மையத்தில் ஜிங்க் மாத்திரை தருவார்கள், 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றாலும் கொடுக்க வேண்டும், பலர் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கண் குழிவது, சிறுநீர் போகாமல் இருப்பது, குழந்தை துவண்டுபோவது, மலத்தில் ரத்தம்: இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக்கூடாது. கடையில் ஜூஸ் மாதிரி விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

இந்த விஷயத்தில் நம் தெருக்கள் உலகத்துக்கே பாடம் சொன்னவை. ராமநாயக்கன்பாளையம், சின்னஅல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை சி.எம்.சி. ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டது தெரிந்தது, ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்பவும் வந்தது. 2011-இல் அந்த முடிவு வெளியானது. பிறகு இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்தின் பெரிய சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. இப்போது 6, 10, 14 வாரங்களில் இலவசமாகத் தரும் ரோட்டா மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். தடுப்பூசி நாள் புதன்கிழமை.

மகள் கர்ப்பம். எப்போது பதிவு செய்ய வேண்டும்?

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், 12 வாரத்துக்குள். பதிவு செய்தால் பிக்மி எண் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி வாங்கவும் அந்த எண் வேண்டும். நிதி, ஊட்டச்சத்துப் பெட்டகம் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு.

சிக்கல் வருவது வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போதுதான். இங்கே பார்த்தது அங்கே தெரியாது, அங்கே பார்த்தது இங்கே ஏறாது. ஆரணிக்கோ குடியாத்தத்துக்கோ அனுப்பும்போது சீர்வரிசைத் தட்டோடு தாய்-சேய் அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொடுத்தனுப்புங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் பயன் குறையும். மலம் கறுப்பாகப் போவது சகஜம், பயந்து நிறுத்த வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. டாக்டரைப் பார்க்க அதைக் காட்டலாமா?

சாதாரண ஓ.பி.க்கு அது உதவாது. ஆபரேஷன், உள்நோயாளிச் சிகிச்சை போன்ற பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கு, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் பதியலாம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சான்றுக்கு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது. ஆனால் ஏழைக் குடும்பத்தின் பணம் சொட்டுச் சொட்டாகக் கரைவது டாக்டர் பீஸிலும் மாத்திரையிலும் டெஸ்டிலும்தான், அதற்கு இந்த அட்டையில் வழியில்லை. ஆகவே மறுபடியும் பக்கத்து மையம்தான்.

இரண்டு வாரமாக இருமல். பீடித் தூள் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. தூளால் இருமல் வரும் என்பது உண்மைதான், அதற்குள்ளேயே டி.பி. ஒளிந்துகொள்ளும் என்பதும் உண்மை. சளிப் பரிசோதனை இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று மறைப்பவர்கள் உண்டு. முறையாக மருந்து ஆரம்பித்தால் தொற்றும் தன்மை சீக்கிரம் குறைந்துவிடும். மறைத்து வைத்தால் அந்த ஒற்றை அறையில் கூடப் படுக்கும் பிள்ளைகளுக்குத்தான் வரும்.

நாய் கடித்துவிட்டது.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வேண்டாம். அன்றே ஊசி. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என நாலு தவணை, அரசு மையத்தில் இலவசம். ரத்தம் வரும் கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி. கடைசித் தவணையை விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அங்கே மரியாதையாகப் பேசுவதில்லை. அதனால்தான் போவதில்லை.

கேள்வியே இல்லை இது, ஆனாலும் அதிகம் வருவது இதுதான். வெற்றிலைக் கறையோடும் வேலைத் துணியோடும் போனால் "தள்ளி நில்லு" என்று சொல்லக் கேட்ட ஒருவர் மறுபடி அந்தப் படியேற மாட்டார். அவர் வராததை எந்த ரிஜிஸ்டரும் காட்டாது. நல்ல நர்ஸ் ஒருவர் "என்னம்மா, போன மாசம் வரலையே" என்று கேட்கும் மையத்தில் கூட்டம் தானே சேர்வதையும் பார்க்கலாம்.

புகார் சொல்ல 104-க்கு போன் செய்யலாம். மருத்துவ ஆலோசனைக்கும் அதே எண்தான். தேதி, நேரம், எந்த கவுண்டர் என்று சொன்னால் புகாருக்கு வலு இருக்கும். தனியாகப் போகத் தயங்குகிறவர்களை மகளிர் குழுவில் இருப்பவர் ஒருவர் முதல் முறை கூட்டிப் போங்கள். பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரையின் அட்டை, இரண்டையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.